நெஞ்சில் கோத்த நீரில் மீசோதீலியோமாவைத் தேடுவது எப்படி

திருச்சியில் ஒரு மருத்துவமனை லேபில் சைட்டாலஜி, அதாவது உடல் நீரிலிருந்து எடுத்த செல்களை வைத்து நோயைச் சொல்லும் வேலை, பார்க்கிறவள் நான். ஸ்லைடு போடும் டெக்னீஷியன்களையும், பேத்தாலஜியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எங்கள் மேசைக்கு வரும் நெஞ்சு நீர் பெரும்பாலும் காசநோயாக இருக்கும், இல்லையென்றால் இதயம் பலவீனமாகி வந்ததாக இருக்கும், அல்லது நுரையீரலிலோ மார்பகத்திலோ தொடங்கிய புற்றுநோய் பரவி வந்ததாக இருக்கும். நுரையீரலைச் சுற்றியிருக்கும் ப்ளூரா உறையிலேயே பிறக்கும் புற்றுநோயான மீசோதீலியோமா அபூர்வம். அபூர்வமானதால் யாரும் அதை நினைப்பதில்லை. நினைக்காததால், 'ரியாக்டிவ் மீசோதீலியல் செல்கள்' (உறையின் செல்கள் வேறு காரணத்தால் கிளர்ந்திருக்கின்றன, புற்றுநோய் இல்லை) என்ற ஒரு வரியோடு ரிப்போர்ட் வெளியே போய்விடுகிறது.

நீரில் மிதக்கும் செல்களை வைத்து இந்த நோயை உறுதியாகச் சொல்ல முடியாது, பயாப்ஸி கட்டாயம் என்று பல காலம் சொல்லிக் கொடுத்தார்கள். கட்டி கொழுப்புக்குள் ஊடுருவியிருப்பதைப் பார்த்தால்தான் மீசோதீலியோமா, நீரில் ஊடுருவலைப் பார்க்க வழியில்லை என்பது அவர்கள் வாதம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் அனுபவம் வேறாக இருந்தது. விட்டனூம் என்ற ஊரின் நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கம் 1966-இல் மூடப்பட்டது, அதில் வேலை பார்த்தவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து நோய் வந்தது. அவர்களின் நெஞ்சு நீரை வருடக்கணக்கில் பார்த்த டேரல் விட்டேக்கரும் அவருடைய சகாக்களும், நீரிலேயே நோயைச் சொல்லலாம் என்று திரும்பத் திரும்ப எழுதினார்கள். 2015-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் அதை ஒப்புக்கொண்டது. உருண்டைச் செல்கள் கொண்ட எபிதீலியாய்டு வகையையும், அதோடு நீண்ட செல்களும் சேர்ந்த கலப்பு வகையையும் சைட்டாலஜியில் சொல்லலாம், ஆனால் செல்லின் உருவம், துணைச் சோதனைகள், ஸ்கேன் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். இதை நான் முழுமனதோடு நம்புகிறேன். எழுபது வயதுப் பெரியவருக்கு மூச்சே விட முடியாதபோது நெஞ்சுக்குள் குழாய்க் கேமரா விட்டு பயாப்ஸி எடுக்கும் தோராகோஸ்கோப்பிக்கு அனுப்புவது சின்ன விஷயம் இல்லை. நீர் எப்படியும் எடுத்தாக வேண்டும், அது கையில் இருக்கிறது. அதிலிருந்து முழுப் பலனையும் எடுப்பது நம் பொறுப்பு.

முதலில் கேட்க வேண்டியது வேலையைப் பற்றி

ரிக்வெஸ்ட் படிவத்தில் 'வயது 68, ஆண், வலது பக்க ப்ளூரல் எஃப்யூஷன்' (நெஞ்சில் நீர்) என்று மட்டும் இருந்தால் நான் வார்டுக்கு போன் போடுவேன். இப்போது என்ன வேலை என்று கேட்டுப் பயனில்லை. இருபது வயதில் என்ன வேலை பார்த்தார் என்று கேட்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தூசிக்கும் இந்த நோய்க்கும் நடுவே பெரும்பாலும் முப்பது நாற்பது வருட இடைவெளி இருக்கும்.

ஒருமுறை அப்படிக் கேட்டபோது பெரியவரின் மகள் பேசினார். "அப்பா இப்ப பெட்டிக்கடை வச்சிருக்காங்க டாக்டர். கல்யாணத்துக்கு முன்னாடி கொதிகலன் குழாய்க்கு வெள்ளைக் கயிறு சுத்துற வேலை பார்த்தாங்களாம். சட்டையெல்லாம் மாவு மாதிரி தூசியோட வருவாங்கன்னு பாட்டி சொல்லும்." அந்த வெள்ளைக் கயிறு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு. வெளியில் ஓரிடத்தில் அவருக்கு நீரில் லிம்போசைட் (ஒரு வகை வெள்ளை அணு) அதிகம், காசநோயில் ஏறும் ஏடிஏ என்ற என்சைம் 40-க்கு மேல் என்று காசநோய் மாத்திரை கொடுத்திருந்தார்கள். சில மாதம் சாப்பிட்டும் நீர் திரும்பத் திரும்பக் கோத்தது. நம் நாட்டில் காசநோயை முதலில் நினைப்பது நியாயம்தான். ஆனால் ஏடிஏ மீசோதீலியோமாவிலும் லிம்போமாவிலும்கூட ஏறலாம். இன்னொரு பழைய விதியையும் நினைவில் வையுங்கள்: காசநோய் நீரில் மீசோதீலியல் செல்கள் மிகக் குறைவாக இருக்கும், பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்துகூட இருக்காது. லிம்போசைட் நிறைய, கூடவே மீசோதீலியல் செல்லும் கூட்டம் கூட்டமாக என்றால், காசநோய் என்று முடிவு கட்டுவதற்கு முன் நில்லுங்கள்.

கட்டுமானம், கப்பல் உடைப்பு, பிரேக் லைனிங், சிமெண்ட் ஷீட் தயாரிப்பு, ரயில் பெட்டிப் பழுது எல்லாவற்றையும் கேளுங்கள். பெண் நோயாளி என்றால், கணவரோ அப்பாவோ அந்த வேலை பார்த்து, அவர்களுடைய துணியை இவர் துவைத்தாரா என்று கேளுங்கள். துணியில் வந்த தூசியாலும் நோய் வந்திருக்கிறது. அதே சமயம், தூசி வரலாறு இல்லை என்பதால் மீசோதீலியோமா இல்லை என்று ஆகிவிடாது. வரலாறு நம் கண்ணைத் திறந்து வைப்பதற்கு உதவும், நோயைத் தீர்மானிப்பது செல்தான்.

நீரை எப்படி வாங்குவது

வார்டில் ஒன்றரை லிட்டர் எடுத்துவிட்டு, நமக்கு 10 மில்லி டியூபில் அனுப்பும் பழக்கத்தை நிறுத்த வைக்க வேண்டும். குறைந்தது 50 முதல் 75 மில்லி வேண்டும். கிடைப்பது எல்லாவற்றையும் அனுப்பச் சொல்வது இன்னும் நல்லது. மீசோதீலியோமாவுக்கு வரிசையாகப் பல ஸ்டெயின் (சாயம்) போட வேண்டியிருக்கும், செல் பிளாக்கில் (செல்களைத் திரட்டி மெழுகில் பதித்த கட்டியில்) சரக்கு இல்லையென்றால் பாதி வழியில் நின்றுவிடுவோம்.

நீர் உறையாமல் இருக்க பாட்டிலில் ஹெப்பாரினோ இடிடிஏ-வோ இருக்கட்டும். ஃபார்மலின் ஊற்றி அனுப்பக் கூடாது, ஸ்லைடில் தேய்க்கும் ஸ்மியர் கெட்டுப்போகும். உடனே பார்க்க முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். ஹெப்பாரின் போட்டும் ரத்தம் உறைவது போல நீரில் கட்டி விழுந்து வந்தால் தூக்கிப் போடாதீர்கள். செல்கள் அந்தக் கட்டிக்குள்தான் சிக்கியிருக்கும். அதை அப்படியே ஃபார்மலினில் போட்டுத் திசுவைப் போல பிளாக் செய்யுங்கள்.

நீரைக் கையில் வாங்கியதும் நிறம், அளவு, பதம் மூன்றையும் எழுதுங்கள். சில மீசோதீலியோமா நீர் தேன் போலக் கெட்டியாக, பைப்பெட் நுனியிலிருந்து நூல் விட்டு இறங்கும். அதிலுள்ள ஹயலுரானிக் அமிலம்தான் காரணம். எல்லாக் கேஸிலும் இது இருக்காது. இருந்தால் உடனே என்னிடம் சொல்லுங்கள் என்று எங்கள் டெக்னீஷியன்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சென்ட்ரிஃபியூஜில் சுற்றுவதும் ஸ்மியரும்

பாட்டிலை மெதுவாகத் தலைகீழாகச் சாய்த்துக் கலக்கிவிட்டு டியூபுகளில் ஊற்றுங்கள். மேலே நிற்கும் தெளிவான நீரை மட்டும் ஊற்றினால் செல் கிடைக்காது. 1500 ஆர்பிஎம்-இல் பத்து நிமிடம் போதும். ரத்தம் கலந்திருந்தால், சிவப்பணுக்களுக்கு மேல் வெள்ளையாகப் படியும் மெல்லிய அடுக்கிலிருந்து எடுங்கள்.

படிவிலிருந்து இரண்டு ஸ்லைடு காற்றில் உலர்த்தி எம்ஜிஜி (மே-க்ரன்வால்ட்-ஜீம்சா) ஸ்டெயினுக்கு, இரண்டு ஸ்லைடு ஈரமாகவே 95% ஆல்கஹாலில் போட்டுப் பாப் ஸ்டெயினுக்கு. ஆல்கஹாலுக்குப் போகும் ஸ்லைடு நடுவே காய்ந்தால் உட்கரு ஊதிப்போய், சாதாரண செல்லே புற்றுநோய் போலத் தெரியும். இரண்டு ஸ்டெயினும் வேண்டும். உட்கருவின் உள் அமைப்பும் அதற்குள் புள்ளி போலத் தெரியும் நியூக்ளியோலஸும் பாப்பில் தெளிவு. சைட்டோபிளாசம், செல்லின் ஓரம், பின்னணியில் இருக்கும் பொருள் எல்லாம் எம்ஜிஜி-யில் தெளிவு.

மீதிப் படிவு முழுக்கச் செல் பிளாக்குக்கு. பிளாஸ்மாவும் த்ராம்பினும் சேர்த்து உறைய வைப்பது எளிய முறை. த்ராம்பின் விலை அதிகம் என்றால், ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் பிடி சோதனைக்கு வாங்கும் த்ராம்போபிளாஸ்டினை வைத்தே பல லேப்களில் செய்கிறார்கள், நன்றாகவே வருகிறது. பிளாஸ்மாவில் வேறு ஒருவரின் செல் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதில் கறாராக இருங்கள். உறைந்ததை ஃபில்டர் பேப்பரில் மடித்து, 10% பஃபர் ஃபார்மலினில் குறைந்தது ஆறு மணி நேரம் வையுங்கள். ஆல்கஹாலில் போட வேண்டாம். நாம் போடப்போகும் ஆன்டிபாடிகள் ஃபார்மலின் திசுவில் சரிபார்க்கப்பட்டவை, ஆல்கஹாலில் கிடந்த செல்லில் அவை ஏமாற்றும்.

லென்ஸில் என்ன பார்ப்பது

முதலில் 4எக்ஸ், 10எக்ஸ். அவசரப்பட்டு 40-க்குப் போகாதீர்கள். மீசோதீலியோமாவின் முதல் அடையாளம் கூட்டம்தான். ஸ்லைடு முழுக்கச் செல் நிறைந்திருக்கும், அதுவும் பெரிய பெரிய கொத்துகளாக. முசுக்கட்டைப் பழம் போல, ஓரம் முழுக்க மேடு மேடாகப் புடைத்த கொத்துகள். நுரையீரல், மார்பகம் போன்ற உறுப்புகளின் சுரப்பிச் செல்லில் பிறக்கும் அடினோகார்சினோமாவின் கொத்துக்கு ஓரம் பெரும்பாலும் வழவழவென்று இருக்கும், இங்கே ஒவ்வொரு செல்லும் தனித்தனியாக வெளியே துருத்தி நிற்கும். சில கொத்துகளின் நடுவில் எம்ஜிஜி-யில் இளஞ்சிவப்பாகக் கொலாஜன் தண்டு தெரியும்.

இப்போது 40எக்ஸ். செல் பெரிது, சைட்டோபிளாசமும் நிறைய, அதனால் உட்கருவுக்கும் சைட்டோபிளாசத்துக்கும் உள்ள விகிதம் பெரிதாக மாறியிருக்காது. இங்கேதான் புதியவர்கள் நழுவுகிறார்கள். புற்றுநோய் என்றால் உட்கரு கறுத்து, கோணல்மாணலாக, செல் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். மீசோதீலியோமாவில் உட்கரு வட்டமாக, நடுவில், சாதுவாக உட்கார்ந்திருக்கும். நியூக்ளியோலஸ் மட்டும் பெரிதாக, பாப்பில் செக்கச்செவேலென்று தெரியும். பக்கத்துப் பக்கத்துச் செல்லுக்கு இடையே மெல்லிய இடைவெளி ஜன்னல் போல இருக்கும். சைட்டோபிளாசத்தின் நடு அடர்த்தி, ஓரம் வெளிறி, கடைசி விளிம்பு பஞ்சு பிரிந்தது போலத் தெரியும், அது மைக்ரோவில்லை என்ற நீண்ட நுண்ணிழைகள். ஒரு செல் இன்னொன்றைத் தழுவி விழுங்குவது போல இருக்கும். இரண்டு, மூன்று, சில சமயம் பத்துக்கு மேலும் உட்கரு கொண்ட செல்கள் இருக்கும். பாப்பில் ஆரஞ்சு நிறம் ஏறிய குட்டிச் செல்கள் அங்கங்கே தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜன்னல், தழுவல், பல உட்கரு எல்லாம் மீசோதீலியல் செல்லின் இயல்பு. கல்லீரல் சிரோசிஸ், சிறுநீரகச் செயலிழப்பு, நிமோனியாவிலும் அவை வரும். நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பில் வரும் ரியாக்டிவ் செல்களைப் பார்த்தால் பயமாகவே இருக்கும், அத்தனை கொத்து. மைட்டோசிஸ் (செல் பிரிவது) தெரிந்தாலும் அதை வைத்துப் புற்றுநோய் என்று சொல்லிவிட முடியாது. மீசோதீலியோமா பக்கம் என்னைச் சாய வைப்பது அளவு: கொத்துகள் எத்தனை, எவ்வளவு பெரிது, செல் எவ்வளவு பெரிது, நியூக்ளியோலஸ் எவ்வளவு பெரிது.

இன்னொரு பயனுள்ள பார்வையும் உண்டு. மார்பகத்திலிருந்தோ நுரையீரலிலிருந்தோ பரவி வந்த நீரில் இரண்டு கூட்டம் தனித்தனியாகத் தெரியும், வீட்டுக்காரர்களான மீசோதீலியல் செல்கள் ஒரு பக்கம், வெளியாட்கள் ஒரு பக்கம். மீசோதீலியோமாவில் அந்தக் கோட்டைப் போட முடியாது. சாதுவான செல்லிலிருந்து அசிங்கமான செல் வரை ஒரே குடும்பமாக, படிப்படியாக மாறிக்கொண்டே போகும். கோடு எங்கே என்று தேடித் தேடிக் கிடைக்கவில்லையென்றால் மீசோதீலியோமாவை நினையுங்கள்.

இரண்டு கேள்விகள், வரிசை மாறாமல்

செல் பிளாக்கில் ஐஹெச்சி (ஒரு புரதம் இருக்கும் இடத்தை ஆன்டிபாடி வைத்துப் பழுப்பாகக் காட்டும் ஸ்டெயின்) போடும்போது கேள்வி இரண்டு. இவை மீசோதீலியல் செல்களா? ஆம் என்றால், இவை புற்றுநோய்ச் செல்களா? முதல் கேள்விக்கான ஸ்டெயின் இரண்டாவதற்குப் பதில் சொல்லாது, இரண்டாவதற்கானது முதலாவதற்குப் பதில் சொல்லாது.

முதல் கேள்விக்கு, மீசோதீலியல் செல்லைக் காட்டும் ஸ்டெயின் குறைந்தது இரண்டு, வேறு உறுப்பிலிருந்து பரவி வந்த கார்சினோமாவைக் காட்டும் ஸ்டெயின் குறைந்தது இரண்டு. கால்ரெடினின் உட்கருவிலும் சைட்டோபிளாசத்திலும் சேர்ந்து பழுப்பாக வேண்டும், சைட்டோபிளாசத்தில் மட்டும் என்றால் கணக்கில் எடுக்காதீர்கள். டபிள்யூடி-1 உட்கருவில். டி2-40 செல்லின் விளிம்பில். சிகே 5/6-உம் உதவும். எதிர்ப்பக்கத்தில் எனக்குப் பிடித்தது க்ளாடின்-4. கார்சினோமா செல்லின் விளிம்பில் பளிச்சென்று விழும், மீசோதீலியல் செல்லில் விழாது. அதோடு எம்ஓசி-31 அல்லது பெர்-ஈபி4. நுரையீரல் சந்தேகம் என்றால் டிடிஎஃப்-1. பெண் நோயாளியிடம் டபிள்யூடி-1-ஐ மட்டும் நம்பாதீர்கள், சினைப்பையின் சீரஸ் கார்சினோமாவிலும் அது உட்கருவில் விழும். பேக்ஸ்-8 சேர்த்துப் போடுங்கள். பணம் குறைவான இடத்தில் கால்ரெடினின், டபிள்யூடி-1, க்ளாடின்-4, எம்ஓசி-31 நான்கோடு தொடங்கச் சொல்வேன்.

மீசோதீலியல் என்று உறுதியானதும் இரண்டாவது கேள்வி. பேப்-1. ரியாக்டிவ் செல்லின் உட்கருவில் இந்தப் புரதம் எப்போதும் இருக்கும். எபிதீலியாய்டு மீசோதீலியோமாக்களில் பாதிக்கு மேல் அது காணாமல் போயிருக்கும்.

இந்த ஸ்லைடைப் படிப்பதில் நிதானம் வேண்டும். ஸ்லைடு கைக்கு வந்ததும் சந்தேகச் செல்லைப் பார்க்காதீர்கள். முதலில் லிம்போசைட்டுகளைத் தேடுங்கள். அவற்றின் உட்கரு பழுப்பாக இருக்கிறதா? இருந்தால் ஸ்டெயின் வேலை செய்திருக்கிறது. லிம்போசைட்டும் நீலமாகவே இருந்தால் அந்த ஸ்லைடைப் படிக்கவே கூடாது, திரும்பப் போடுங்கள். சரி, லிம்போசைட் பழுப்பு. இப்போது கொத்துக்கு வாருங்கள். கொத்தில் ஒவ்வொரு உட்கருவும் வெறும் நீலமாக, பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் லிம்போசைட் மட்டும் பழுப்பாக இருந்தால், அது இழப்பு. சைட்டோபிளாசத்தில் மட்டும் பழுப்பு, உட்கரு நீலம் என்றாலும் இழப்புதான். அங்கங்கே சில உட்கரு வெளிறி, சில பழுப்பாக இருந்தால் இழப்பு என்று எழுதாதீர்கள்.

முன்பு சொன்ன கொதிகலன் வேலை பார்த்த பெரியவரின் பிளாக்கில் இப்படித்தான் இருந்தது. க்ளாடின்-4 சுத்தமாக இல்லை, கால்ரெடினின் உட்கருவில் அடர்த்தி, பேப்-1 போட்ட ஸ்லைடில் நீல உட்கருக்களால் ஆன பெரிய கொத்து ஒன்று, அதன் மேட்டில் இரண்டு பழுப்பு லிம்போசைட். ஸ்கேனில் ப்ளூரா முழுக்கத் தடித்து, நடுநெஞ்சுப் பக்கமும் சுற்றி வந்திருந்தது. மூன்றும் ஒத்துப்போயின.

பேப்-1 இருக்கிறது என்று வந்தால் எம்டேப் என்ற இன்னொரு புரதத்துக்கான ஸ்டெயின் போடுங்கள். இது சைட்டோபிளாசத்தில் படிக்க வேண்டியது. இதன் இழப்பு, 9-ஆம் குரோமோசோமில் பக்கத்திலேயே இருக்கும் சிடிகேஎன்2ஏ ஜீன் இரு பிரதியும் அழிந்திருப்பதைக் காட்டித் தரும். ஜீனை ஒளிரும் சாயத்தால் காட்டும் ஃபிஷ் சோதனை வசதி உள்ள இடத்தில் அந்த ஜீனையே நேரடியாகப் பார்க்கலாம். இந்த இழப்புகள் மீசோதீலியல் செல்லில் இருந்தால் ரியாக்டிவ் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனால் எம்டேப் இழப்பு நுரையீரல் கார்சினோமாவிலும், பேப்-1 இழப்பு சிறுநீரகக் கார்சினோமாவிலும் வரும். முதல் கேள்வியை முடிக்காமல் இரண்டாவதற்குப் போகக் கூடாது என்பது இதனால்தான். டெஸ்மின், இஎம்ஏ போன்ற பழைய ஸ்டெயின்கள் துணைக்கு நல்லவை. அவற்றை மட்டும் வைத்து ஒரு மனிதருக்குப் புற்றுநோய் என்று எழுத நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எல்லாம் இருக்கிறது, எதுவும் இழக்கவில்லை என்றால்? மீசோதீலியோமா இல்லை என்று அர்த்தமில்லை. இழப்பு இருந்தால் ஆதாரம், இல்லாவிட்டால் கேள்வி அப்படியே நிற்கிறது, அவ்வளவுதான். அப்போது பயாப்ஸிக்குப் போகத்தான் வேண்டும். நீண்ட செல்கள் மட்டுமே கொண்ட சார்கோமடாய்டு வகையோ பெரும்பாலும் நீரில் செல்லை உதிர்ப்பதே இல்லை. ப்ளூரா அங்குலக் கணக்கில் தடித்திருக்கும், நீரில் நாலு ரியாக்டிவ் செல் மட்டும் இருக்கும். ஸ்கேனைப் பார்க்காமல் நெகட்டிவ் கொடுத்தால் நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார்.

ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது

2020-இல் வெளிவந்த சர்வதேச முறையில் ஐந்து பிரிவு உண்டு: போதுமான செல் இல்லை, நெகட்டிவ், பொருள் தெளிவாகாத மாற்றம், சந்தேகம், புற்றுநோய். உருவம் சந்தேகப்படும்படி இருக்கிறது, பிளாக் காலி என்றால் நான்காவதில் நிறுத்தி, அடுத்த முறை எடுக்கும் நீர் முழுவதையும் அனுப்பச் சொல்லி எழுதுங்கள். மீசோதீலியோமா நோயாளிக்கு நீர் பெரும்பாலும் திரும்பக் கோக்கும். உருவம், வகை, இழப்பு, ஸ்கேன் எல்லாம் சேர்ந்தால் தயங்காமல் ஐந்தாவதில் எழுதுங்கள். 'ஊடுருவலைச் சைட்டாலஜியில் பார்க்க முடியாது, ஸ்கேனோடு சேர்த்து இந்த முடிவு' என்ற வரியையும் சேருங்கள். 2021 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில், ஊடுருவாமல் மேற்பரப்பிலேயே நிற்கும் மீசோதீலியோமாவும் தனி நோயாக இடம்பெற்றிருக்கிறது, அதிலும் பேப்-1 இழப்பு வரும். அதனால் அந்த வரி வெறும் சம்பிரதாயம் இல்லை.

ஐஹெச்சி எந்தெந்த ஸ்டெயின், எங்கே விழுந்தது, உள் கன்ட்ரோல் (ஸ்டெயின் வேலை செய்ததைக் காட்டும் லிம்போசைட் போன்ற செல்) சரியாக இருந்ததா என்பதை முழுதாக எழுதுங்கள். வேலை வரலாற்றையும் ரிப்போர்ட்டின் மருத்துவக் குறிப்பில் பதிவு செய்யுங்கள். நம் நாட்டுத் தொழில்நோய்ப் பட்டியலில் ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதீலியோமாவுக்கு இடம் இருக்கிறது. இழப்பீடு கேட்டுப் போகும் குடும்பத்துக்கு அந்த இரண்டு வரிதான் கையில் இருக்கும் காகிதம். ஆன்காலஜிஸ்டுக்கு (புற்றுநோய் மருத்துவருக்கு) போன் செய்து நேரடியாகச் சொல்லுங்கள், நுரையீரல் அடினோகார்சினோமாவுக்கு உரிய ஜீன் சோதனைகளில் நாட்கள் போகாமல் இருக்கும். அப்புறம், பிளாக்கை முழுவதும் வெட்டித் தீர்த்துவிடாமல் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். வேறு ஊர் மருத்துவமனைக்குப் போகும் நோயாளி இரண்டாவது கருத்துக்காக அதைக் கேட்டு வருவார்.